காலருக்கு உள்ளே ஒரு நம்பர்

பட்டாளத்து வாசலைக்கூட மிதிக்காத தங்கையா, பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னாள் ராணுவத்தினர் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். குன்னூர்க் குளிரிலும் சட்டை வேர்வையில் ஒட்டியது.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவனுக்குக் கனம் முதுகிலேயே இருந்தது.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கோட்டால் வந்த வினை. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து இந்த மலைக்கு ஏறிய புதிதில், குளிர் தாங்காமல் சந்தையில் பழைய துணிக்காரனிடம் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டுதான் டீ ஃபேக்டரிக்கு வேலை கேட்டுப் போனான். மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார்.

"மிலிட்டரியா? வாச்மேன் வேலை மிலிட்டரிக்காரனுக்குத்தான் கொடுப்பேன்."

பெண்டாட்டி தெய்வம்மாவும் மூன்று பிள்ளைகளும் கேட்டுக்கு வெளியே மூட்டை முடிச்சோடு நின்றார்கள். தங்கையா தலையை ஆட்டிவிட்டான். அவ்வளவுதான் அவன் சொன்ன பொய். வாயைக்கூடத் திறக்கவில்லை.

வேலை கிடைத்தது. குடியிருக்க, கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு அறையும் கிடைத்தது. காலருக்கு உள்ளே மையில் குத்தியிருந்த நம்பரை, எதற்கும் இருக்கட்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டான்.

ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது. இன்றைக்குப் பார்த்து மேனேஜர், "நான்தான்யா சிறப்பு விருந்தினர். நீயும் வா, எல்லாம் உன் ஆளுங்கதானே!" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மேடையில் ஹவில்தார் ஆறுக்குட்டி. அவர் மீசையைப் பார்த்ததும் தங்கையா முன்வரிசைக்காரரின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

"போன மாசம் ஊட்டியில ஒருத்தன் பட்டாளம்னு பொய் சொல்லிப் பொழச்சிட்டிருந்தான். தோலை உரிச்சுட்டேன்! செத்தவன் பேரை வெச்சுப் பொழைக்கிறவன் மனுசனாங்க?"

தங்கையா கோட்டை இழுத்து மூடிக்கொண்டான்.

ஒருவர், காஷ்மீரில் கல்லாக உறைந்த சப்பாத்தியைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்துத் தின்ற கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். "கூடத் தின்ன ஏழு பேர்ல நான் ஒருத்தன்தான் திரும்பி வந்தேன்" என்று முடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஆறுக்குட்டி எழுந்தார்.

"அறுவத்திரெண்டு சீனாச் சண்டையில எம்பக்கத்துல நின்னவன் நெல்சன். எம்மடியிலதான் அவன் உசுரு போச்சு. அந்தப் பனியில அவனுக்குக் குளிருமேன்னு, அவன் கோட்டுக்கு எங்கையாலயே பட்டன் போட்டுப் பொதைச்சுட்டு வந்தேனுங்க."

குரல் உடைந்தது. மேனேஜர்கூட மூக்கை உறிஞ்சினார்.

அப்புறம் ஆஜர் கூப்பிட ஆரம்பித்தார். அவர் நம்பரைச் சொல்ல, ஆள் எழுந்து பதில் சொன்னான். அட, இது நம்ம பெரட்டு மாதிரிதானே என்று தங்கையாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சிலோன் தோட்டத்தில் விடிகாலையில் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். உடனே குரல் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. பதினைந்து வருஷப் பழக்கம்.

ஆறுக்குட்டி பக்கத்தைத் திருப்பினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். இவனும் நின்றான்.

"நாலாயிரத்து முன்னூத்திப் பதினாறு!"

ஐயோ, நம்ம நம்பர்!

"இருக்கேனுங்க தொரை!"

குனிந்திருந்த தலைகள் அத்தனையும் நிமிர்ந்தன. பக்கத்திலிருந்தவர் பல்லைக் கடித்தார்.

"யோவ், இது செத்தவங்க லிஸ்ட்டுய்யா! யாரும் பதில் சொல்லக்கூடாது. அது நெல்சன் நம்பர்!"

தங்கையா காலரைத் தொட்டுப் பார்த்தான். குழிக்குள் போன கோட்டு என் முதுகுக்கு எப்படி வந்தது? ஐயோ சாமி, செத்தவன் என்னை விடமாட்டானா? தெய்வம்மாவும் பிள்ளைகளும் மறுபடியும் மூட்டையோடு கேட்டுக்கு வெளியே நிற்பது கண்ணில் தெரிந்தது. இந்தத் தடவை எந்த நாட்டுக்குப் போவது?

ஆறுக்குட்டி மேடையை விட்டு இறங்கி வந்தார். காலரைப் பிடித்துப் புரட்டினார். நம்பரைப் பார்த்தார். காலரை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கோபம்தான், அடி விழப்போகிறது என்று தங்கையா கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன ஹவில்தார், என்ன விஷயம்?" மேனேஜர் எழுந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. நாந்தான் சொல்லச் சொன்னேன். எத்தன வருசத்துக்குத்தான் அவன் நம்பருக்கு ஆரும் பதில் சொல்லாம நிக்கறது?"

கூட்டம் உருகிப் போய்க் கைதட்டியது. மேனேஜர் தங்கையாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

எல்லோரும் டீக்கு நகர்ந்ததும், ஆறுக்குட்டி அவனைக் கட்டடத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். தங்கையா தடாலென்று காலில் விழுந்தான்.

"ஐயா, நான் பட்டாளமே பாத்ததில்லீங்க. சிலோன்ல கொழுந்துத் தோட்டத்து ஆளுங்க. குளிருக்கு வாங்கின கோட்டு. புள்ளைகுட்டிக்காரனுங்க. காட்டிக் குடுத்துறாதீங்க!"

ஹவில்தார் அவனைத் தூக்கி நிறுத்தினார். மீசை துடித்தது.

"நானும் குளிருக்குத்தாம்ப்பா கழட்டுனேன். செத்தவனுக்கு எதுக்குக் கோட்டுன்னு... அதப் போட்டுக்கிட்டுத்தான் அந்த மலையிலிருந்து உசுரோட எறங்குனேன். ஊட்டுல வெச்சிருந்தாத் தூக்கம் வரல. எரிக்கவும் மனசு வரல. பத்து வருசம் பொறுத்துப் பாத்துட்டு, சந்தையில தள்ளிவுட்டுட்டேன்."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவனைச் சுவர் மூலைக்கு இழுத்தார். முன்பக்கம் டீ ஊற்றிக்கொண்டிருந்த வெள்ளைச் சேலைக்காரியைக் காட்டினார்.

"அது நெல்சன் சம்சாரம். கோட்டோட பொதைச்சேன்னு நாஞ்சொன்ன ஒரு சொல்லுலதான் அது பன்னண்டு வருசமா மனசத் தேத்திட்டிருக்குது."

தங்கையாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னையக் காட்டிக் குடுத்துறாத, சாமி."