அழ வேண்டிய இடம்

பிள்ளைகள் அழ வேண்டிய இடம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இந்த இடத்தில் மூக்கை உறிஞ்சாத பிள்ளை கிடையாது. பதினெட்டு வருடமாக இதே கதை, இதே இடம். டீச்சருக்குப் பின்னால் வெங்காய டீச்சர் என்று பட்டப்பெயரே உண்டு. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

இன்று மழையில் நனைந்துகொண்டு வந்திருந்தாள். இருந்த ஒரு பச்சைக் குடையையும் இரண்டு மாதத்துக்கு முன் பஸ்ஸில் தொலைத்தாயிற்று. முக்காட்டின் ஓரம் இன்னும் காயவில்லை.

ஏதோ வாக்குவாதத்தில் நபித்தோழர் அபூதர், முன்பு கறுப்பின அடிமையாக இருந்த தோழர் பிலாலைப் பார்த்து, கறுப்பியின் மகனே என்று சொல்லிவிட்டார். விஷயம் நபிகள் நாயகத்தின் காதுக்குப் போனது. அறியாமைக் காலத்துக் குணம் உம்மிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றார்கள் நபியவர்கள். அபூதர் ஓடினார். பிலாலின் காலடியில், மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டார். மிதித்தால்தான் எழுந்திருப்பேன் என்றார்.

இந்த இடத்தில் டீச்சர் தன் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். முன்வரிசை விசும்பும்.

இன்றும் விசும்பியது. கைதான் கன்னத்துக்குப் போக மறுத்தது.

மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரமாக, ஒரு பெண் அழாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் சேர்ந்த பிள்ளை. பதினைந்து வயது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டீச்சர் அடையாளம் கண்டுகொண்டாள். மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், அக்காவுக்குப் பின்னால் பிஸ்கட் தட்டோடு நின்ற சின்னவள்.

அக்காக்காரி நன்றாகப் படித்தவள். பேச்சில் பணிவு. சோபாவில் கிடந்த தலையணை உறைகளைக் காட்டி, எல்லாம் என் பெரிய மகள் கைத்தையல் என்று தாயார் சொன்னபோது, டீச்சர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து வாயாரப் புகழ்ந்தாள். அப்புறம் படி இறங்கும்போது நாத்தனாரிடம் சொன்னாள்:

"பொண்ணு தங்கம்தான். ஆனா இந்தக் கறுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தா, நாளைக்குப் பொறக்கிற பேத்திங்களை யாரு கட்டுவா?"

நாத்தனார் சிரித்தாள். அவளும் கூடச் சிரித்தாள்.

மறுநாளே தரகரிடம் சொல்லியனுப்பினாள். பையன் மேலே படிக்கப் போகிறானாம், இப்போதைக்குக் கல்யாணப் பேச்சு வேண்டாமாம். பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல்.

இந்த வாரம் வேறு கதைக்குத் தாவிவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தாள். ஆனால் புத்தகத்தின் வரிசை அப்படி. போன வாரம் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள்: கொல்லத் தேடியவர்கள் கொடுத்துவைத்த பொருளைக்கூட ஒன்று விடாமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு நபிகள் நாயகம் ஊரை விட்டுப் போன கதை. அதற்கு அடுத்தது இது. தாண்டிப் போனால் பிள்ளைகள் விடவா போகிறார்கள்?

படியில் பேசியது யாருக்குத் தெரியும்? எனக்கும் நாத்தனாருக்கும் அல்லாஹ்வுக்கும்தானே என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பதினெட்டு வருடமாக ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், அவனுக்குத் தெரிந்ததற்குக் கவலைப்படவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்திக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் பயந்தாள். வெட்கக்கேடு.

கதையை ஒருவழியாக முடித்தாள். பிலால் மிதிக்கவில்லை. குனிந்து, தூக்கி நிறுத்தினார். அவ்வளவுதான், போய்வாருங்கள்.

பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுநிமிடமே செருப்புக்கு அடித்துக்கொண்டு கலைந்தார்கள். ஜன்னலோரப் பெண் மட்டும் போகவில்லை. பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

பச்சைக் குடை.

"போன வாரம் அமானிதம் பத்திச் சொன்னீங்கல்ல டீச்சர், அதான் கொண்டுவந்தேன். நீங்க எங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கே குடுத்துடலாம்னு உங்க பின்னாடியே படி வரைக்கும் ஓடிவந்தேன். நீங்க பேசிட்டிருந்தீங்க."

குரலில் கோபம் இல்லை. குத்தல்கூட இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்.

கன்னத்தை வைக்க மண்ணைத் தேட வேண்டாம், காலடியிலேயே பாய் விரித்திருந்தது. அவ்வளவுகூட வேண்டாம். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை போதும். பதினெட்டு வருடம் கதை சொன்ன வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. பஸ்ஸில் போய்விட்டதென்றல்லவா நினைத்தேன் என்று அசடு வழிந்தது.

பெண் தலையை ஆட்டிவிட்டு, பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடிவிட்டாள்.

வாசலில் நின்று டீச்சர் குடையை விரித்தாள். எப்போதும் ஒரு கம்பி துணியை விட்டுப் பிய்ந்துகொண்டு நிற்கும். இன்று நிற்கவில்லை. பச்சை நூலில், எறும்பு வரிசை மாதிரி, சின்னச் சின்னதாகத் தைத்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். அந்தத் தையலை அவளுக்குத் தெரியும்.

சின்னவள் எல்லாவற்றையும் சொன்ன பிறகு அக்கா தைத்ததா, சொல்லாமலே தைத்ததா? எதுவாக இருந்தாலும் அதன் கீழே நிற்க அவளால் முடியவில்லை.

குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் வீடுவரை நடந்தே போனாள்.