ருசி பார்க்க மட்டும்

“அம்மா, உனக்கு ஏன் எதையுமே ஒழுங்கா செய்ய வரமாட்டேங்குது?” என்று ஏழு வயது மகள் கேட்டாள். ஓவனிலிருந்து அப்போதுதான் இறக்கிய தட்டில் ஆறு சாக்லேட் டோனட்டுகள் முறைத்துக்கொண்டு கிடந்தன.

கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாஸ்டரம்மா கைகொட்டிச் சிரித்தாள். “நான் மனசுல நினைச்சதைக் குட்டி கேட்டுட்டா!”

பெரிய ஓட்டலின் பேக்கரியில் முப்பது வருடம் மாஸ்டராக இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். வழுக்கி விழுந்து கணுக்காலில் ஆபரேஷன் ஆனதும், தம்பி தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான்.

ஆனால் புண் ஆறவில்லை. “உடம்புல சத்தே இல்ல. புரதம் நிறையப் போகணும். மூணு வாரத்துல புண் மூடலேன்னா மறுபடியும் கத்திதான்,” என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டரம்மாவோ முட்டை வைத்தால் நாறுகிறது என்றாள். பயறு வைத்தால் தொண்டையிலேயே நிற்கிறது என்றாள். வைத்த தட்டு வைத்தபடியே திரும்பியது.

இந்த நேரம் பார்த்துத் தம்பி மனைவிக்கு டோனட் பைத்தியம் பிடித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

“உங்க தம்பிக்குத் தொப்பை போட்டிருக்கு, அண்ணி. புரோட்டீன் டோனட் நல்லதாம், ஃபோன்ல பார்த்தேன். நீங்க சாப்பிடவெல்லாம் வேண்டாம். என்ன குறைன்னு மட்டும் ருசி பார்த்துச் சொல்லுங்க.”

“எண்ணெயில பொரிஞ்சாத்தான்டி டோனட்டு. ஓவன்ல சுட்டா அது டோனட் வேஷம் போட்ட கேக்கு.” மாஸ்டரம்மா ஒன்றை எடுத்து வளைத்தாள். விட்டதும் அது பழையபடி வட்டமானது. “பாரு! ஸ்டெப்னி இல்லாத கார்க்காரனுக்குக் குடு, கும்பிட்டு வாங்கிப்பான்.”

ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. வாயில் வைக்காமல் குறை சொல்வது பாவம் என்று நினைப்பவள் அவள். ஓரத்தைக் கடித்தாள், நடுவைக் கடித்தாள், அடியைக் கடித்தாள். “சூட்டுல ஒண்ணு, ஆறினப்புறம் ஒண்ணு. அப்பத்தான் மாவோட யோக்கியதை தெரியும்,” என்று இரண்டாவதையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“மாவு போடற இடத்துல புரோட்டீன் பவுடரைக் கொட்டினா ரப்பர்தான் வரும். தயிர் பத்தல. வெள்ளைக்கருவை அடிச்சியா, இல்ல எட்ட நின்னு பார்த்துட்டு வந்துட்டியா?”

“நாளைக்குச் சரி பண்ணிடறேன், அண்ணி.”

நாளைக்கும் சரியாகவில்லை. ஒரு நாள் அடி கருகியது. ஒரு நாள் சோடா உப்பு தூக்கலாகிக் கசந்தது. ஒரு நாள் கடித்தால் மணல் மாதிரி உதிர்ந்தது. தம்பியே பொறுக்க முடியாமல், “போதும் விடேன், அக்கா,” என்றான்.

“நீ சும்மா இருடா. என் பேக்கரியில இருந்திருந்தா இவ கையில துடைப்பத்தைக் குடுத்து வாசலைக் காட்டியிருப்பேன்.”

பத்தாம் நாள் அதிசயம் நடந்தது. டோனட் பஞ்சு போல வந்துவிட்டது. மாஸ்டரம்மா ஒரு வாய் கடித்தாள். இன்னொரு வாய் கடித்தாள். “ம், பரவாயில்ல,” என்று மிச்சத்தைத் தட்டோடு தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அக்கா வாயால பரவாயில்லேன்னு வாங்கறது லேசா? அப்புறம் ஏன் உம்முன்னு இருக்கே?” என்று கணவன் கேட்டான். தம்பி மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பழையபடி டயர். பழையபடி வசவு. அன்றைக்கு மூன்று டோனட்டுகளுக்கு விசாரணை நடந்தது.

டோனட் சுட ஆரம்பித்து இரண்டு வாரம் ஆனபோது கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஆச்சரியப்பட்டாள். “புண் நல்லா மூடிட்டு வருதே! இன்னும் ஒரு வாரம் இப்படியே போனா கத்தி வேண்டாம். என்னம்மா சாப்பிடறீங்க?”

“என்னத்தைச் சாப்பிடறது! பச்சைத் தண்ணிகூட இறங்கல. இவ செய்யற கண்றாவியைத்தான் நாள் பூரா ருசி பார்த்துச் சொல்லிட்டிருக்கேன்.”

நர்ஸை வாசல் வரை அனுப்பிவிட்டுத் தம்பி மனைவி சமையலறைக்குத் திரும்பினாள். குரல் பின்னாலேயே துரத்தி வந்தது. “ஏய், இன்னிக்காவது மனுஷன் திங்கற மாதிரி வருமா?”

கல்யாணமான புதிதில் அவள் டைபாய்டு வந்து கிடந்தபோது கேட்டதும் இதே குரல்தான். “செத்துக் கித்துத் தொலைச்சுடாதே. என் தம்பிக்கு இன்னொருத்தியைத் தேட எனக்குத் தெம்பில்ல,” என்று திட்டியபடியே, பாலில் நனைத்த ரொட்டியை இருபது நாள் அவளுக்கு ஊட்டியவள் மாஸ்டரம்மா. அதைப் பற்றி இருவரும் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். அவள் மாவை அச்சில் ஊற்றி, ஓவனுக்குள் வைத்து, கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். கண்களை மூடிக் கைகூப்பினாள்.

“கடவுளே, இன்னிக்கும் இது நல்லா வந்துடக் கூடாது.”