மலைக்கு எதிரில்

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மலையே இல்லாத தட்டை நாடு அது. அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவர், வீடு மாறினால் பதினான்கு நாளில் புது முகவரியைப் பதிய வேண்டும். என் அறைத்தோழன் சோணாசலம் திருவண்ணாமலைக்காரன். படிவத்தில் கதவு எண், தெரு எல்லாம் எழுதியவன், ஊர்ப் பழக்கத்தில் 'மலைக்கு எதிரில்' என்றும் சேர்த்துவிட்டான்.

"எந்த மலை?" என்றார் அதிகாரியம்மா. "பொய் முகவரி தந்தவர் நாட்டைவிட்டுப் போக வேண்டும். நாளை காலை நேரில் வந்து பார்ப்பேன்."

"கை தானா எழுதிடுச்சு மச்சான்," என்று சோணாசலம் பெட்டியைக் கட்டினான்.

"கட்டுடா. அப்படியே கிரிவலப் பாதையையும் எழுதியிருக்க வேண்டியதுதானே," என்றேன்.

காலையில் மூடுபனிக்குள் நடந்து வந்து அந்தம்மா மணியடித்தார். நாங்கள் கதவைத் திறக்கவும் பனி விலகியது. தெருவுக்கு அந்தப் பக்கம், இடுப்பில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு மலை நின்றது. டிராமிலிருந்து ஆட்கள் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். அந்தம்மாவும் திரும்பினார். தொப்பியைக் கழற்றினார். படிவத்தை நெஞ்சோடு அணைத்தபடி மெல்லக் கேட்டார்:

"எதிரிலா, பக்கத்திலா?"

எனக்கு முதல் பாஸ்போர்ட்டே இன்னும் வரவில்லை. முகவரி விசாரிக்கப் போலீஸ் வர வேண்டும்.