முதல் அறிமுகம்

காலையிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிவி ஒயரைச் சுருட்டி மேலே கட்டினார். செருப்புகளை அலமாரியின் உச்சியில் ஏற்றினார். தண்ணீர்க் கிண்ணத்தை மூன்றாவது முறையாக இடம் மாற்றினார்.

"நாய்க்குட்டிதானே வருது? சம்பந்தி வர்ற மாதிரி பரபரக்கிறீங்களே" என்றாள் மனைவி.

"அதுக்கு என்னைப் பிடிக்காமப் போயிட்டா?"

"தெருவுல நாயைப் பார்த்தா நீங்கதான் எதிர்ப்பக்கம் ஓடுறீங்க. அப்புறம் குட்டி வேணும்னு எதுக்கு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

அவர் கிண்ணத்தை நான்காவது முறையாக நகர்த்தினார்.

மகள் போன் செய்தாள். "அம்மா, குட்டியோட தெருமுனைக்கு வந்துட்டேன்."

அவர் அவசரமாக அறைக்குள் ஓடினார். வெளியே வந்தபோது யூனிபார்ம் போட்டிருந்தார். தோளில் பெரிய பை தொங்கியது.

"இன்னைக்கு லீவுதானே? எதுக்கு இந்தக் கோலம்?"

"பத்தொன்பது வருஷமா வீடு வீடா தபால் கொடுக்கிறேன். இந்தச் சட்டையைப் பார்த்துக் குரைக்காத நாய் ஒண்ணுகூடக் கிடையாது." பை வாரைச் சரிசெய்துகொண்டார். "இந்த ஒண்ணாவது முதல் தடவையே என்னை இப்படிப் பார்க்கட்டும்."

மனைவி அவருடைய காலரை நீவிவிட்டாள்.

மகள் வந்து குட்டியை அவர் கையில் கொடுத்தாள். அது யூனிபார்மை மோந்து பார்த்தது. பிறகு மேல் பட்டனை மெல்ல நக்கியது.

மூச்சு விடவும் பயந்து, அவர் அப்படியே நின்றார்.