முன்கம்புத் தோள்

"இது எங்க வம்சத்துத் தோள், டாக்டரம்மா. பார்த்துத் தொடுங்க."

சட்டையைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார் காந்திமதிநாதன். மேலகரத்தில் பௌர்ணமிதோறும் அம்மன் சப்பரம் புறப்படும். அதைத் தூக்க எத்தனை பேர் வந்தாலும் முன்கம்பைத் தோளில் தாங்கும் உரிமை அவர் வீட்டு மூத்தவருக்குத்தான். அவருக்கு முடியவில்லை என்றால் அந்த உரிமை பங்காளிக்குப் போய்விடும். அந்தப் பங்காளி, சித்தப்பா மகன் குற்றாலீஸ்வரன், துணைக்கு வந்தவர்போல அருகிலேயே நின்றிருந்தார்.

"நேத்து சப்பரத்தை இறக்கி வச்சதுலேர்ந்து அண்ணன் தோளைப் பிடிச்சிட்டே உட்காந்திருக்காரு. வயசாயிட்டுல்லா! இனிமே சுமக்கக் கூடாதுன்னு சொல்லிருங்க டாக்டரம்மா. பின்கம்புல இருந்து நான் முன்னால வந்துக்கிடுதேன்."

"ஏலே, எம்மேல ஒனக்கு எப்பலேருந்து இம்புட்டுப் பாசம்?"

டாக்டர் ஸ்வாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தோளை அழுத்தினாள். கையைத் தூக்கச் சொன்னாள். சுழற்றச் சொன்னாள். வலிக்கவே இல்லை. பிறகு அவர் தலையைப் பின்னால் சாய்த்து, வலப்பக்கம் லேசாகத் திருப்பினாள்.

"யம்மா! தோள்ல வெட்டி இழுக்கு!"

"தோள் நல்லா இருக்கு ஐயா. கோளாறு கழுத்து எலும்பு மூட்டுல. வலி மட்டும் கீழ இறங்கித் தோள்பட்டையில தெரியுது."

"தப்புப் பண்ணுதது கழுத்து, கெட்ட பேரு தோளுக்கா?"

"ஆமா ஐயா. நரம்பு அப்படித்தான் ஆளை மாத்திக் காட்டிக் கொடுக்கும்."

காந்திமதிநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். "கேட்டியாலே? தோளு இரும்பு! போ, போயி ஊருக்கெல்லாம் சொல்லு."

குற்றாலீஸ்வரன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போனார்.

டாக்டர் விடவில்லை. "மாசாமாசம் சப்பரம் சுமந்தா தோள் காய்ச்சுப்போயிருக்கணுமே ஐயா. உங்களுக்குப் பச்சைப்பிள்ளைத் தோள் மாதிரி இருக்கு. ரொம்ப நேரம் அண்ணாந்து பார்க்கிறவங்களுக்குத்தான் இந்த வலி வரும். அப்படி என்னத்தைப் பார்க்கீங்க?"

"கோபுரத்தைக் கும்பிடுதேன்."

"அது ஒரு நிமிஷந்தானே?"

"குத்தாலத்துல அருவியைப் பார்க்கேன்."

"அருவியில தண்ணி நின்னு எத்தனை நாளாச்சு!"

காந்திமதிநாதன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய நிக்கிதவன் காதுல விழுந்துரப்படாது, தாயி. வயசாகி நான் உயரத்துல குறுகிட்டேன், கூடத் தூக்குதவனுவ எல்லாம் நெட்டையனுவ. அந்தக் கம்பு என் தோள்ல பட்டே ரெண்டு வருஷமாச்சு. எட்டிப் பிடிச்சுக்கிட்டு, இன்னைக்காவது தோள்ல இறங்குதான்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டேதான் ஊரைச் சுத்தி வாரேன்!"