பதினாலு சிவப்பு மூக்கு

"ரீக்கா, இது நம்ம பிள்ளை இல்ல."

மதியச் சாப்பாட்டுக்காக அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்த ரீக்கா ஒரு காலணியைத்தான் கழற்றியிருந்தாள்.

"உளறாதே ஆர்த்து. காலையில ஒன்னியை நீதானே கூட்டிட்டுப் போனே?"

"கூட்டிட்டுப் போனது ஒன்னியைத்தான். கூட்டிட்டு வந்தது வேற யாரையோ. வந்து பாரு."

அவன் கையில் ஈர டயாப்பர். மேசைமேல் ஆறு மாதக் குழந்தை பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. ரீக்கா குனிந்து பார்த்தாள். பெண் குழந்தை.

"கடவுளே! முகத்தைப் பார்த்தா தெரியாதா உனக்கு? காதைப் பார்த்தாவது தெரியாதா? உன் காது மாதிரியே விடைச்சிருக்குமே அவனுக்கு!"

"காது தொப்பிக்குள்ள இருந்துச்சு. அப்பாக்கள் மன்றத்துல மொத்தம் பதினாலு குழந்தைங்க. கிளம்புற நேரம், பனியுடை மாட்டி, பாயில வரிசையா படுக்கவெச்சிருந்தோம். மூக்கு மட்டும்தான் வெளியே. பதினாலு மூக்கும் சிவப்பு."

அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் அரசாங்கம் அனுப்பிய பிரசவப் பெட்டியில் ஒரே மாதிரி பனியுடைதான். பழுப்பு நிறம், நெஞ்சில் ஒரு முள்ளம்பன்றி. குவோப்பியோ நகரமே அந்தக் குளிர்காலத்தில் முள்ளம்பன்றிகளாகத்தான் நிறைந்திருந்தது.

"வீட்டுக்கு வந்ததும் பார்க்க மாட்டியா?"

"வழக்கம்போல தள்ளுவண்டியோட பால்கனியில விட்டேன், ரெண்டு மணி நேரம் தூங்கிச்சு. வெளியே குளிர்ல தூங்குற பிள்ளையைத் தொடவே கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"உடுப்பு கொடுக்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு அதுல பேரை எழுதத் தெரியலையே! சரி, மன்றத்துக்குப் போன் போடு. என் பிள்ளை யார் வீட்டுல அழுதுட்டிருக்கானோ…"

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் நாற்பது வயதுப் பெண் நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, ஒரு கையில் கோப்பு, மறு கையில் தள்ளுவண்டி. வண்டிக்குள் போர்வைக்கு மேலே ஒரு சிவப்பு மூக்கு.

"கிர்சி. நகராட்சி குழந்தை நலப் பிரிவு. திடீர்ச் சோதனை. அப்பாக்கள் மன்றத்துக்குப் போற எல்லார் வீட்டுக்கும் போறோம். உங்க வீடு மூணாவது."

ரீக்கா அசட்டுத்தனமாகச் சிரித்தபடி வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். ஆர்த்து உள்ளே ஓடி, டயாப்பரை மாட்டி, முள்ளம்பன்றிக்குள் குழந்தையைத் திணித்து, மறுபடி பால்கனி வண்டியில் படுக்கவைத்தான்.

"மன்னிக்கணும், என் பிள்ளையையும் கொண்டுவந்துட்டேன். வீட்டுக்காரருக்குத் தலைவலி" என்றாள் கிர்சி. தன் வண்டியையும் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போய் அவர்கள் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"குழந்தையோட ஒரு நாளைக்கு எவ்வளவு பேசுவீங்க?"

"ஒரு… அம்பது வார்த்தை?" என்றான் ஆர்த்து.

"பெண்டாட்டியோட?"

"அதைவிடக் கொஞ்சம் கம்மி."

"சரியாத்தான் இருக்கு. இன்னிக்குக் குழந்தை வழக்கம்போல இருக்கா? ஏதாவது மாற்றம் தெரியுதா?"

ஆர்த்து ரீக்காவைப் பார்த்தான். மேசைக்கு அடியில் ரீக்கா அவன் தொடையைக் கிள்ளினாள்.

"மாற்றமா? அப்படி ஒண்ணும்… இல்லையே."

கிர்சி அவனை உற்றுப் பார்த்தாள். "பெத்தவங்க அசந்தா அரசாங்கம் அசந்துடாது. ஞாபகம் இருக்கட்டும். இப்போ நான் குழந்தையைத் தனியா பார்க்கணும்."

"தனியாவா?"

"பெத்தவங்க பக்கத்துல இருந்தா குழந்தை மனசு விட்டுப் பேசாது."

"ஆறு மாசம்தாங்க ஆகுது."

"அதனாலதான். நீங்க ரெண்டு பேரும் காபி போடுங்க. நான் கூப்பிடுற வரைக்கும் சமையலறையை விட்டு வரக் கூடாது. விதி."

அவள் பால்கனிக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

சமையலறையில் ரீக்கா ஆர்த்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "டயாப்பரைக் கழட்டிப் பார்த்தாள்னா போச்சு. சொந்தப் பிள்ளையைத் தொலைச்சவங்கன்னு எழுதி, ஒன்னி கிடைச்சாலும் நம்மகிட்ட கொடுக்கவே மாட்டாங்க."

"உண்மையைச் சொல்லிடலாமா?"

"சொல்லு. பிள்ளையை மாத்திக் கொண்டுவந்தது யாருன்னு முதல்ல உன் பேரைச் சொல்லு."

காபி கொதித்தது, ஆறியது. ஒருவழியாகத் திரை விலகியது. கிர்சியின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை.

"பார்த்தேன். பையன் நல்லா இருக்கான்."

"பையனா?" என்றான் ஆர்த்து.

ரீக்கா அவன் காலை மிதித்தாள். "பையன்தான்! பையனேதான்!"

"பெற்றோர் பொறுப்பு மிக நன்று" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கோப்பில் எழுதினாள் கிர்சி. காபியைத் தொடவில்லை. லவங்கப்பட்டை ரொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

கதவு மூடியதும் ரீக்கா சுவரில் சாய்ந்தாள். "பொண்ணைப் பார்த்துட்டுப் பையன்னு எழுதிட்டுப் போகுது. இதுங்க கையிலதான் நாட்டுப் பிள்ளைங்க எல்லாம்! நீ போனை எடு."

பால்கனியில் குழந்தை வீறிட்டது. ரீக்கா திடுக்கிட்டாள். அந்த அழுகை அவளுக்குத் தெரிந்த அழுகை. ஓடிப்போய்த் தொப்பியை இழுத்தாள். இரண்டு பக்கமும் விடைத்த காதுகளோடு ஒன்னி அவளைப் பார்த்துக் கை நீட்டினான்.

கீழே தெருவில், தள்ளுவண்டியின் மேல் குனிந்தபடி கிர்சி போனில் கத்திக்கொண்டிருந்தாள்:

"நம்ம பொண்ணு கிடைச்சுட்டா! மூணாவது வீட்டுல! இனிமே மன்றத்துல தொப்பியைக் கழட்டிப் பார்த்துட்டுத் தூக்கு, மனுஷா!"