தோட்டக்காரரின் கத்தி

"அப்பா, பக்கத்து வீட்டு மாமா ஏன் எப்பவும் பாக்கெட்ல கத்தி வெச்சிருக்காரு?" என்று சிறுவயதில் மகள் கேட்டாள்.

அவர் திராட்சைத் தோட்டக்காரர். வளைந்த மடக்குக் கத்திகளாக நாற்பது சேர்த்து வைத்திருந்தார்.

"அந்தாளு ஒரு மாதிரி. கிட்டப் போகாதே" என்றேன்.

நேற்று தெருமுனையில், அவள் கழுத்தில் அவர் கத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். கிடைத்த இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தேன். அவர் மணிக்கட்டு முறிந்தது. விழுந்தவரை மிதித்தேன், முகமெல்லாம் ரத்தம்.

"விடுங்கப்பா! என் ஷால் சைக்கிள் சக்கரத்துல சிக்கி கழுத்தை இறுக்கிடுச்சு. மாமாதான் அறுத்துவிட்டாரு!"

ஆஸ்பத்திரியில் அவர் காலைப் பிடித்தேன்.

"பொண்ணு பொழைச்சாளே, போதும் தம்பி. கொடியெல்லாம் கவாத்து வெட்டற நேரம், வெட்டலேன்னா காய்க்காது. அதுதான் கவலை."

இன்று விடியுமுன் அதே கத்தியோடு அவர் தோட்டத்தில் முதல் கொடியை வெட்டினேன். மேலிருப்பவனைத் தவிர யாரும் பார்க்கவில்லை.